பாதிப் பணம் பெட்டிக்கு

ஒரு லட்சம் ரூபாய். போனஸோ, சீட்டுப் பணமோ, எப்படியோ உங்கள் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் நல்லதாக ஒரு ஸ்டீரியோ செட் வைத்துப் பாட்டுக் கேட்கவேண்டும் என்பது பத்து வருட ஆசை. அதிசயமாக, வீட்டிலும் யாரும் முறைக்கவில்லை. கிளம்பிவிட்டீர்கள்.

கடைக்குள் கால் வைத்ததுமே சிக்கல். ஸ்டீரியோ செட் என்பது ஒரு பொருளல்ல. மூன்று. பாட்டை எடுத்துக் கொடுப்பது ஒன்று. ரெக்கார்ட் பிளேயர், சி.டி. பிளேயர், இன்றைக்கென்றால் உங்கள் செல்போனே போதும். அது கொடுக்கிற மெல்லிய மின்சாரத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதை மறுபடி சத்தமாக மாற்றிக் காதில் சேர்க்கிற ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ஆக, லட்சத்தை மூன்று பங்காகப் பிரிக்கவேண்டும். யாருக்கு எவ்வளவு?

ஆளுக்கு முப்பத்து மூன்று என்று வெட்டிவிடலாம் என்கிறீர்களா? பாகப்பிரிவினை அத்தனை சுலபமாக இருந்தால் நம் ஊரில் பாதி கோர்ட்டுகளை இழுத்து மூடிவிடலாம்.

1994 தீபாவளிக்கு என் சித்தப்பாவுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனஸ் வந்தது. நேரே ரிச்சி தெருவுக்குப் போனார். கூடவே நானும். எட்டாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்கே போயிற்று. காரணம், அதன் நெற்றியில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் பாட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கின. மூவாயிரத்துக்குக் கேசட் டெக். மிச்சமிருந்த ஆயிரத்துக்கு, மூலையில் கிடந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி. வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டால், எந்தப் பாட்டாக இருந்தாலும் டொம் டொம் என்று ஒரே முழக்கம். பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, ‘ஆம்ப்ளிஃபயர் தங்கம் சார், டெக்கை மாத்துங்க’ என்றார். மேற்கொண்டு இரண்டாயிரம் கொடுத்து டெக்கை மாற்றினார் சித்தப்பா. அதே டொம் டொம். ‘ஒயரை மாத்துங்க’ என்றார் கடைக்காரர்.

சித்தப்பா கதையைக் கடைசியில் முடிக்கிறேன். அந்தக் கடைக்காரர் அவருக்கே தெரியாமல் ஒரு பெரிய உலக யுத்தத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த மூன்று பங்குக் கணக்குக்காகக் கட்சி கட்டி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்சி, பாதிப் பணத்தை ஸ்பீக்கருக்குக் கொடு என்றது. இன்னொரு கட்சி, ஸ்பீக்கர் கிடக்கட்டும், முதலில் பிளேயரைக் கவனி என்றது. இரண்டு கட்சிக்கும் தலைவர்கள் உண்டு.

முதல் தலைவரைப் பார்க்க நியூயார்க் போகவேண்டும்.

எட்கர் வில்ச்சர். 1917-ல் பிறந்தவர். ஆள் இஞ்சினியர் இல்லை. படித்தது கலை வரலாறு. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தபோதுதான் எலெக்ட்ரானிக்ஸ் பழகினார். போர் முடிந்ததும் கிரீன்விச் வில்லேஜில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கேட்டவர்களுக்கு செட் அசெம்பிள் செய்து கொடுத்தார். அப்படியே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவை மறுபடி இசைப்பது பற்றி வகுப்பும் எடுத்தார்.

1948-ல் எல்.பி. இசைத்தட்டு வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர்களும் நன்றாகத் தேறிவிட்டன. ஆனால் ஸ்பீக்கர்? நல்ல பேஸ் சத்தம் வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் சைஸில் ஒரு பெட்டி வேண்டும். அப்படி வைத்தாலும் அடிச் சத்தத்தில் ஏகப்பட்ட சிதைவு. கூம்பு வடிவக் காகிதத்தைப் பிடித்திருக்கும் விறைப்பான சுற்றுப்பட்டைதான் வில்லன் என்று கண்டுபிடித்தார் வில்ச்சர். ஓர் அளவுக்கு மேல் அசைந்தால் அது முரண்டு பிடிக்கும்.

சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ளும் அல்லவா? அதுதான் வில்ச்சரின் யோசனை. சுற்றுப்பட்டையைத் தொளதொளவென்று விட்டுவிடு. பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிடு. உள்ளே இருக்கும் காற்றே ஸ்பிரிங் வேலையைப் பார்க்கட்டும். காற்று முரண்டு பிடிக்காது. பெட்டியும் சின்னதாகிவிடும். முதல் மாதிரிக்கான தொளதொள சுற்றுப்பட்டையை அவர் மனைவி ரோஸ்மேரி மெத்தை உறைத் துணியில் வடிவமைத்துக் கொடுத்தார்.

யோசனையை விற்கப் போனார். இருந்த கம்பெனிக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அப்புறமென்ன, சொந்தக் கம்பெனிதான். வகுப்பில் படித்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞருடன் சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அகூஸ்டிக் ரிசர்ச் ஆரம்பமானது. முதல் ஸ்பீக்கர் ஏ.ஆர்-1. விலை 185 டாலர்.

இங்கேதான் நம் பட்ஜெட் கதை சூடு பிடிக்கிறது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஒரு ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இரண்டு. ஒரு ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்தில் இரண்டு. சம்பளம் மட்டும் ஒன்றுதான். அமெரிக்க நடுத்தரக் குடும்பஸ்தன் முதல்முறையாகப் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவனுக்கு வில்ச்சர் சொன்ன பதில் பேச்சில் இல்லை, விலைப் பட்டியலில் இருந்தது. 1958-ல் வந்த ஏ.ஆர்-3 ஸ்பீக்கர் ஒன்று இருநூறு டாலருக்கு மேல். ஜோடியாக வாங்கினால் நானூறைத் தாண்டும். 1961-ல் அதே கம்பெனி ஒரு டர்ன்டேபிள் கொண்டுவந்தது. இசைத்தட்டைச் சுழற்றுகிற மேடை, ஊசியைப் பிடிக்கிற கை எல்லாம் சேர்த்து 58 டாலர்! ஏழில் ஒரு பங்குகூட இல்லை. விலையை வைத்துத் தரத்தை எடை போடாதீர்கள். தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருந்தார் வில்ச்சர். மோட்டார் தனியே. நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். வெளிப்பலகையில் தட்டினால்கூட ஊசி தாவாது.

அவர் லாஜிக் எளிமையானது. எங்கே கோளாறு அதிகமோ அங்கே பணத்தைப் போடு. நல்ல ஆம்ப்ளிஃபயர் சேர்க்கிற சிதைவு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஸ்பீக்கர் சேர்ப்பது அதைப்போலப் பல மடங்கு. ஒழுங்காகச் செய்த டர்ன்டேபிளின் கோளாறு காதுக்கே எட்டாது. எட்டாத கோளாறைக் குறைக்க எதற்குக் கூடுதல் செலவு?

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நிரூபித்தும் காட்டினார். மேடையில் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்கிற நான்கு இசைக் கலைஞர்கள். பக்கத்தில் ஒரு ஜோடி ஏ.ஆர்-3. நடுவில் கலைஞர்கள் வில்லைச் சும்மா அசைக்க, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரும். எந்த நொடியில் மாறியது என்று சபையில் இருந்தவர்களால் சொல்லமுடியவில்லை. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்திலேயே ஓர் அறை எடுத்து, வருகிறவர் போகிறவரெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்றார். அங்கே விற்பனை கிடையாது. அறுபதுகளில் அமெரிக்காவில் விற்ற ஸ்பீக்கர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏ.ஆர்.தான் என்கிற அளவுக்குப் போனது கொடி. பாதிப் பணம் ஸ்பீக்கருக்கு என்பது அமெரிக்கக் கடைகளில் வேதவாக்கானது.

அந்த வேதத்தைக் கிழித்துப் போட ஸ்காட்லாந்திலிருந்து ஒருத்தர் வந்தார்.

ஐவர் டைஃபன்ப்ரன். கிளாஸ்கோ நகரத்துக்காரர். அப்பாவுக்கு நுட்பமான இயந்திர பாகங்கள் செய்கிற பட்டறை இருந்தது. நம்மைப்போலவே ஆசை ஆசையாக ஒரு செட் வாங்கியவர் டைஃபன்ப்ரன். திருப்தி இல்லை. எங்கே தப்பு என்று நோண்ட ஆரம்பித்தவர், தப்பு டர்ன்டேபிளில் என்ற முடிவுக்கு வந்தார். 1973-ல் லின் என்கிற கம்பெனி பிறந்தது. அதன் டர்ன்டேபிளுக்குப் பெயர் சோன்டெக் எல்.பி.12.

பொருளைவிட அவர் விற்ற தத்துவம்தான் முக்கியம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இவ்வளவுதான் விஷயம். இசைத்தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி எடுக்கத் தவறியதை உலகத்தின் எந்த ஆம்ப்ளிஃபயரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. எந்த ஸ்பீக்கரும் கண்டுபிடித்துச் சேர்க்க முடியாது. அதனால் முதல் மரியாதை டர்ன்டேபிளுக்கு. அடுத்து ஊசி பிடிக்கிற கை. அடுத்து ஊசி. பிறகு ஆம்ப்ளிஃபயர். கடைசிப் பந்தியில் ஸ்பீக்கர்.

அபத்தம் என்று ஒதுக்கமுடியாது. இசைத்தட்டின் பள்ளத்தில் இருக்கும் நெளிவுகளில் சில, தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதன்மீது ஊர்ந்து போகிற ஊசிக்கு மோட்டாரின் உறுமலும் தெரியும், தரையில் நீங்கள் நடப்பதும் தெரியும், எதிரே அலறுகிற ஸ்பீக்கரின் அதிர்வும் தெரியும். அத்தனையும் பாட்டோடு கலக்கும். அந்நாளைய மலிவு டர்ன்டேபிள்கள் பலவற்றில் அந்த உறுமல் நன்றாகவே கேட்டது. டைஃபன்ப்ரனுக்கும் காது இருந்தது.

லின் வியாபாரிகளின் கடைகளில் ஒரு விசித்திரமான சட்டம் போட்டார்கள். கேட்கிற அறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்கவேண்டும். மற்றவை சும்மா இருந்தாலும் கூடவே அதிருமாம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் பிரிட்டனில் இந்தக் கட்சிதான் ஆளுங்கட்சி. செட் வாங்கும் பணத்தில் பெரும்பங்கு டர்ன்டேபிளுக்குப் போனது. மிச்சத்தில் செருப்பு டப்பா அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, இதுதான் இசை என்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆக, ஒரே காசு. ஒரே பாட்டு. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் நேர்த் தலைகீழாக இன்னொரு கணக்கு.

இதில் பெரிய தமாஷ் என்ன தெரியுமா? எல்.பி.12-ஐத் திறந்து பாருங்கள். தட்டும் கையும் ஒரே சட்டத்தில். சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில். மோட்டார் தனி. நடுவில் பெல்ட். எங்கேயோ பார்த்த ஜாடையாக இருக்கிறதா? வில்ச்சரின் 58 டாலர் டர்ன்டேபிளேதான். அந்த யோசனையை 1965-ல் தோரன்ஸ் கம்பெனி டி.டி.150 என்ற மாடலில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது ஸ்காட்லாந்து வந்தது. லின் அதில் உசத்தியான பேரிங் போட்டது, பாகங்களைக் கடைந்தெடுத்த நேர்த்தி வேறு தரம். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எலும்புக்கூடு அதே எலும்புக்கூடு. டர்ன்டேபிளுக்கு அதிகம் செலவழிக்காதே என்று சொன்னவர் போட்ட விதையிலிருந்துதான், டர்ன்டேபிளுக்கே கொட்டு என்று சொன்னவரின் மரம் முளைத்தது.

நான் படித்தது பி.காம். ஒலி விஞ்ஞானம் தெரியாது. ஆனால் ஒரு கணக்கைப் பார்த்தால், இதில் லாபம் யாருக்கு என்று கேட்கத் தெரியும். ஸ்பீக்கர் விற்றவர் ஸ்பீக்கருக்குப் போடு என்றார். டர்ன்டேபிள் விற்றவர் டர்ன்டேபிளுக்குப் போடு என்றார். சித்தப்பாவுக்கு வாய்த்தவர் அன்றைக்குக் கடையில் எது தேங்கிக் கிடந்ததோ அதற்குப் போடச் சொன்னார். வில்ச்சர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். 1967-ல் கம்பெனியை விற்றுவிட்டு, காது மந்தமானவர்களுக்கான கருவி ஆராய்ச்சியில் இறங்கினார் அவர். அதில் கண்டுபிடித்ததைக் காப்புரிமை வாங்காமல் எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2011-ல் இறந்தார். வெறும் வியாபாரி என்று அவரை ஒதுக்க மனசு வரவில்லை.

சரி, யார் சொன்னது சரி? தீர்ப்பைக் காலம்தான் எழுதியது. மூன்று தவணைகளில்.

முதல் தவணை, 1982 அக்டோபர். சோனியின் முதல் சி.டி. பிளேயர் ஜப்பானில் வந்தது. விலை 168,000 யென். அன்றைக்கு அது பெரும்பணம். ஆனால் விலை மளமளவென்று சரிந்தது. ஊசி இல்லை, பள்ளம் இல்லை, உறுமல் இல்லை. சட்டியில் இருப்பது முழுசாக அகப்பையில் வந்துவிட்டது, அதுவும் மலிவாக. டைஃபன்ப்ரன் டிஜிட்டலை ஏற்கவில்லை. அதன் குறை தனக்குக் கேட்கிறது என்றார். 1984-ல் கனடா நாட்டுப் பேராசிரியர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் ஒரு சோதனை வைத்தார். இசைத்தட்டின் சத்தத்துக்கு நடுவே டிஜிட்டலாக மாற்றித் திருப்புகிற கருவியைச் சொல்லாமல் நுழைப்பார். இருக்கிறதா, இல்லையா என்று இவர் சொல்லவேண்டும். நம்பும்படியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் உட்கார்ந்து பரீட்சை எழுதினாரே, அதற்கு ஒரு சபாஷ் போடலாம். எத்தனை வியாபாரிகள் சம்மதிப்பார்கள்?

இரண்டாம் தவணை, 1987 ஜனவரி. அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை ஆம்ப்ளிஃபயர்களைப் பரீட்சைக்கு உட்காரவைத்தது. மொத்தம் ஆறு. மலிவானது 220 டாலர். உச்சியில் இருந்தது 12,000 டாலர். சத்தத்தின் அளவைத் துல்லியமாகச் சமப்படுத்தி, எது பாடுகிறது என்று தெரியாமல், 25 பேரைக் கேட்கச் சொன்னார்கள். இதில் வித்தியாசம் தெரியும் என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். முடிவு? பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். சக்திக்கு மீறி அலறவிட்டால் கதை வேறு. அளவோடு கேட்டால் அந்தப் பதினோராயிரத்துச் சொச்சம் டாலர் காதுக்கு எட்டவில்லை.

மூன்றாம் தவணை, ஸ்பீக்கர். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் இருந்த ஃப்ளாய்ட் டூல், திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து வருஷக்கணக்கில் சோதித்தார். இங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், எது நல்ல ஸ்பீக்கர் என்பதில் கேட்டவர்களிடையே பெரும்பாலும் ஒற்றுமை. 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் சேர்ந்து இன்னொரு வேலை செய்தார்கள். நாற்பது பேர். முதலில் கண்ணுக்குத் தெரியாமல், பிறகு தெரியும்படி, அதே நான்கு ஸ்பீக்கர்கள். பார்த்ததும் மார்க் மாறிவிட்டது. பெரிய பெட்டிக்கு ஏறியது, மலிவான சின்னப் பெட்டிக்கு இறங்கியது. சித்தப்பா பச்சை விளக்குக்கு எட்டாயிரம் கொடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இதே டூல் இன்னொன்றையும் அடித்துச் சொன்னார். அடிச் சத்தத்தைப் பொறுத்தவரை ஸ்பீக்கரைவிட அறைதான் பெரிய ஸ்பீக்கர். சுவருக்கும் மூலைக்கும் எவ்வளவு தூரம் என்பது பேஸ் சத்தத்தைத் தலைகீழாக மாற்றிவிடும். பில்லில் வராத நாலாவது பங்காளி அது.

பொருளாதாரப் பாடத்தில் சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன சமாசாரம். கடைசி ரூபாயை எங்கே போட்டாலும் ஒரே அளவு பலன் கிடைக்கும்படி பணத்தைப் பிரிக்கவேண்டும் என்பது சாரம். கடைசி ஆயிரம் ரூபாய் எங்கே போனால் காதுக்கு அதிகம் கேட்குமோ, அங்கேதான் போகவேண்டும். அந்த ‘எங்கே’ காலத்துக்குக் காலம் மாறும். கரகர டர்ன்டேபிள் காலத்தில் டைஃபன்ப்ரன் சொன்னதில் நியாயம் இருந்தது. செல்போனே சுத்தமாகப் பாட்டை எடுத்துக் கொடுக்கிற இன்றைக்கு, வில்ச்சர் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. சாய்த்தது விவாதமல்ல. மற்ற இரண்டின் விலை விழுந்துவிட்டது, ஸ்பீக்கரின் கஷ்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2009-ல் லின் கம்பெனியே சி.டி. பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து பாட்டெடுக்கும் கருவிகளுக்கு மாறிக்கொண்டது.

ஆனாலும் எல்.பி.12 சாகவில்லை. 2023-ல் அதன் ஐம்பதாம் ஆண்டுக்கு, ஆப்பிளில் ஐஃபோனை வடிவமைத்த ஜானி ஐவ் கைவண்ணத்தில் 250 டர்ன்டேபிள் மட்டும் செய்தார்கள். ஒன்று 50,000 பவுண்டு. உள்ளே மூன்று ஸ்பிரிங். ஒரு பெல்ட். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வாங்குவது சத்தத்தை மட்டுமல்ல. ஆனால் அது சத்தக் கணக்கில் வராது, வேறு கணக்கில் எழுதவேண்டும்.

உங்கள் லட்சத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஐம்பத்தைந்து, அறுபது ஸ்பீக்கருக்கு. ஆம்ப்ளிஃபயருக்கு இருபத்தைந்து. பாட்டெடுக்கிற கருவிக்கு ஐந்து போதும். மிச்சத்தில் ஸ்பீக்கருக்கு ஸ்டாண்ட், தரைக்கு ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. இசைத்தட்டுப் பிரியர் என்றால் டர்ன்டேபிளுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது விலைச்சீட்டைப் பார்க்காதீர்கள். முடிந்தால் ஸ்பீக்கரையே பார்க்காதீர்கள். திரும்பி உட்கார்ந்து கேளுங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

சித்தப்பா என்ன ஆனார்? ஒயரையும் மாற்றினார். டொம் டொம் போகவில்லை. வெறுத்துப்போய் செட்டைத் துணி போட்டு மூடிவிட்டார். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, இரண்டு மூலைகளிலும் சுவரோடு ஒட்டி நின்ற பெட்டிகளை நகர்த்தி, ஹால் நடுவில் ஆளுக்கொரு ஸ்டூலின்மேல் வைத்தார்கள். வேலை நடக்கும்போது பாட்டு இருந்தால் நன்றாக இருக்குமே என்று யாரோ சுவிட்சைப் போட்டார்கள். முழக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. பாடகர் கிணற்றிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தார். ஆயிரம் ரூபாய் பெட்டிதான், பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாட்டு கேட்டது.

வெள்ளையடித்து முடிந்தது. சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சித்தப்பா அந்த ஸ்டூல்களை மட்டும் நகர்த்த விடவே இல்லை.